அதுவே சொல்லிவிடும்

சௌனா அறையின் கதவு திறந்ததும், கையில் இருந்ததை டுவெய்ன் அவசர அவசரமாகக் கோட்டுப் பைக்குள் தள்ளிக்கொண்டான்.

"வந்துட்டியா தம்பி!" என்றாள் அய்லி. உள்ளே திரும்பி, "ரெய்னோ, நான் சொன்னேன்ல? கரண்ட் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தாச்சு," என்றாள்.

கொல்லைப்புறத்து நீராவிக் குளியலறை. நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவருக்கு இடமில்லை. விறகு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

கீழ்ப் பலகையில், இருக்கிற கம்பளி அத்தனைக்கும் அடியில் அவள் கணவர் ரெய்னோ கிடந்தார். பக்கவாதம் வந்து ஒரு வருடமாகிறது. மரம் இழுக்கும் சறுக்குப் பலகையில் அவரைக் கிடத்தி, எழுபத்திரண்டு வயதில் அய்லி தனியாகவே வீட்டிலிருந்து இங்கே இழுத்து வந்திருந்தாள்.

ஞாயிறன்று பெய்த பனிமழையில் ஒரு கிளை முறிந்து, இவர்கள் வீட்டுக்கு வரும் ஒற்றை வயரை அறுத்துப் போட்டிருந்தது. சாலையில் மற்ற வீடுகளிலெல்லாம் விளக்கு எரிந்தது. இன்று வியாழன்.

"ஒரு போன் போட்டிருக்கக் கூடாதாக்கா?"

"எதுக்கு? கரண்ட் போனா நீங்க கூப்பிடவே வேணாம், மீட்டர் அதுவே எங்களுக்குச் சொல்லிடும்னு நீதானே சொன்ன? ஊர்ல யார் யாருக்கு என்ன கஷ்டமோ, நாம வேற நச்சரிக்கணுமான்னு இருந்துட்டேன்."

சொன்னான்தான். போன வருடத்துக்கு முந்தின கோடையில், இவள் வீட்டுச் சமையலறையில், மூன்றாவது கோப்பை காபியோடு, ஏலக்காய் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்.

புது மீட்டரோடு சுவரில் கரண்ட் ஹீட்டரையும் மாட்டிக் கொடுத்தான். இனி விறகு எதற்கு என்று கூடத்து அடுப்பைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவனும் அவனே. சௌனா அடுப்பையும் கேட்டுப் பார்த்தான். பின்லாந்து வம்சத்தானிடம் போய் அதைக் கேட்கலாமா? அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ரெய்னோ சிரித்தே விரட்டிவிட்டார்.

அந்தச் சிரிப்பினால்தான் இன்றைக்கு மனுஷர் உயிரோடு இருந்தார்.

டுவெய்ன் மண்டியிட்டு அவர் கையுறையைக் கழற்றினான். இரண்டு விரல்கள் குளிரில் உறைந்து மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தன. அழுத்தினான். நிறம் திரும்பவில்லை.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். இருபது நிமிடத்தில் வருகிறோம் என்றார்கள். மூலையில் விறகு ஒரு கைப்பிடிதான் மிச்சம். வெளியே சுப்பீரியர் ஏரிக் காற்று எலும்பைத் துளைத்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று நினைத்ததுமே அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

"அது சொல்லிச்சா தம்பி?" அய்லி ஆசையாகக் கேட்டாள். ஒரு சின்னப் பெண்ணின் முகம் அந்தக் கிழவிக்கு.

"சொல்லிச்சுக்கா."

அது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால்கூட அவனால் அவள் முகத்தைப் பார்த்திருக்க முடியும்.

அடுப்பு மேல் சூடாகிக்கொண்டிருந்த ஏலக்காய் ரொட்டித் துண்டைக் காகிதத்தில் சுற்றினாள். கடைசித் துண்டு. வேண்டாம் என்று அவன் விலகுவதற்குள் கோட்டுப் பைக்குள் திணித்துவிட்டாள். அவள் விரல் எதிலோ இடித்தது.

"என்னப்பா இது, இரும்பாட்டம்?"

"வேலைச் சாமான்க்கா."

அவள் பையை வெளியிலிருந்து தட்டி மூடினாள்.

கரண்டைத் துண்டித்து மீட்டரில் மாட்டும் சிவப்புப் பூட்டு அது. அதைச் சுற்றி ஒரு தாள் மடித்திருந்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே ஆபீஸ் திரையில் சாலை முழுக்க எண்கள் ஓட, இந்த வீட்டுக்கு மட்டும் பூஜ்யம் காட்டியது. மீட்டர் சொல்லவேண்டியதைச் சரியாகவே சொல்லியிருந்தது.

அதைப் பார்த்துவிட்டு, 'மீட்டரைத் தாண்டி மின் திருட்டு, பூட்டவும்' என்று யாரோ தாளில் எழுதி, திருடர்கள் எங்கே ஓடிவிடப் போகிறார்கள் என்று வியாழன் வரைக்கும் மேஜையிலேயே போட்டு வைத்திருந்தார்கள்.

ஒப்புதலாக அடியில் இருந்தது டுவெய்னின் கையெழுத்து.