பொறுமைசாலி ரோபோ

“உங்க காலேஜ் வெப்சைட்ல புதுசா ரோபோ விட்டிருக்காங்களே, என்ன பொறுமைங்க அதுக்கு!” செல்போனும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி. “தங்கச்சி பொண்ணுக்கு ஹாஸ்டல் கிடைக்குமான்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ‘சொல்லுங்க மேடம்’னுதான் ஆரம்பிக்குது.”

“ம்...” கல்லூரி அட்மிஷன் பிரிவில் வேலை பார்க்கும் கணவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“நீங்களும் இருக்கீங்களே! ஒரு கேள்வி கேட்டா வள்ளுன்னு விழுவீங்க.”

“லீவு நாள்லயும் வேலை உயிரை வாங்குது. தொணதொணக்காம போயேன்.”

“போறேன். அதுகிட்டயே பேசிக்கறேன்.”

சமையலறைக்குத் திரும்பியவள் டைப் செய்தாள்: ‘உனக்கு மட்டும் கல்யாணம் ஆகியிருந்தா, உன் பொண்டாட்டி கொடுத்து வெச்சவ.’

கூடத்தில் கணவனின் லேப்டாப் ‘டிங்’ என்றது.

‘பக்கத்துக் கல்லூரியில் ரோபோ வந்துவிட்டது, நமக்கு வரும்வரை நீங்களே ரோபோவாக இருங்கள்’ என்பது தாளாளர் உத்தரவு.

சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவன் பதில் தட்டினான்:

‘ஆயிடுச்சு மேடம். அவங்கதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.’