குப்பைக்குப் போன கருத்துகள்

2024 பிப்ரவரி 11, திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரியின் உரிமையாளர் சுப்பையன் மாரடைப்பில் இறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“உன்ற வலைப்பூவை எவன்டா படிப்பான்?” என்று அவர் கேட்டதிலிருந்து நான்கு வருடமாக மகன் கவின் அவரோடு பேசவில்லை. பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருந்தான்.

“ஒத்த வரி பதில் போட்டிருக்கலாமல்ல சாமி?” என்றாள் அம்மா வசந்தாமணி.

“எதுக்கும்மா?”

“நீ எழுதறதையெல்லாம் படிச்சுப்போட்டுக் கீழ எழுதுவாரே. உங்கிட்டச் சொல்லக்கூடாதுன்னுட்டாரு. ‘பய ஒண்ணையும் வெளிய உடமாட்டீங்கறான்’னு பொலம்புவாரு.”

“ஒண்ணுகூட வரலீங்கம்மா.”

கவின் மடிக்கணினியைத் திறந்தான். விளம்பரத் தொல்லை தாங்காமல், போன் நம்பர் உள்ள கருத்துகளெல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி அவனே நிரல் எழுதியிருந்தான். அந்தக் குப்பையை அவன் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

அப்பாவின் கருத்துகள் இருநூற்றுப் பதினாறு கிடந்தன. ஒவ்வொன்றின் அடியிலும், ரிக் லாரியில் எழுதுவதுபோலவே, பெயர், ஊர், போன் நம்பர்.

கடைசிக் கருத்து பிப்ரவரி ஏழாம் தேதி வந்திருந்தது.

“நெம்ப நல்லா எழுதியிருக்கற சாமி. கோவம் தீந்துதுன்னா ஒருக்காக் கூப்புடு.”

அதன் அடியிலும் போன் நம்பர் இருந்தது.