கதவுப் பொத்தான்

லண்டன் குரோய்டனில் ட்ராம் வந்து நிற்கிறது. முதன்முறையாக ட்ராமில் வந்திருக்கும் அஞ்சலீனா கதவு திறக்கும் என்று கைகட்டிக் காத்திருக்கிறாள். எதிரேயுள்ள கட்டடத்தில் அவளுக்கும் கணவன் கிறிஸ்துராஜாவுக்கும் நேர்காணல். இந்த நாட்டில் இருக்க விடுவார்களா என்பது அங்கேதான் தெரியும். காலை வெயில் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. இந்தக் கதவு தானாகத் திறக்காது. வண்டி நின்றதும் பொத்தானைச் சுற்றி வெளிச்சம் வரும். இறங்குகிறவர்தான் அதை அழுத்த வேண்டும். அடைக்கலம் தேடிப் புறப்பட்ட படகு நடுக்கடலில் பழுதாகி அவர்கள் ஒதுங்கிய தீவில் வாசல் வேறு விதம். அங்கே பறந்தது பிரித்தானியக் கொடிதான். ஆனால் தீவு பிரித்தானியாவுக்குச் சொந்தமே தவிர பிரித்தானியா அல்ல என்றார்கள். அங்கே அடைபட்டிருந்த மூன்று வருடமும் முகாம் படலையைக் காவலாளிதான் திறந்தான். மற்றவர் தொட்டால் குற்றம்.

“என்னப்பா, சல்யூட் அடிச்சுத் திறக்க ஆள் வருமெண்டு பாக்கிறீரோ?” பின்னால் நிற்கும் கிறிஸ்துராஜா சிரிக்கிறான். “கெதியா அமத்தும், வெளிக்கிடப் போறான்.”

“நான் தொடலாமோ?”

“ஓம். கதவுக்கு ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை. மற்றதுக்குத்தான் கேக்க வந்திருக்கிறம்.”

அழுத்துகிறாள். கதவு புஸ்ஸென்று விலக, குளிர்காற்று முகத்தில் படுகிறது. இறங்கிக் கட்டடத்தை நோக்கி நடக்கும்போதும் அவள் பொத்தானை அழுத்திய விரலை மடக்கவில்லை.