தொட்டிலைத் திருப்பித் தருவது எப்படி?

“அந்தக் கட்டுரையை இன்னைக்கே எடுத்துடும்மா” என்றார் முதலாளி, மாடியிலிருந்து இறங்கி வந்த வேகத்தில்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள். தொட்டில் கடையின் இணையதளத்துக்குக் கட்டுரை எழுதி ஆள் சேர்ப்பதுதான் அவள் வேலை. கடையில் அவளுக்கு ‘கட்டுரை’ என்றே பெயர். இந்த மாதத்துக்குள் தளத்தில் கூட்டம் சேராவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று முதலாளி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். தொட்டிலுக்கு எந்த மரம் நல்லது, மெத்தை எவ்வளவு கனம் இருக்கலாம் என்று அவள் மாங்கு மாங்கென்று எழுதியதையெல்லாம் அவளும் அவள் அம்மாவும்தான் படித்தார்கள். கூட்டம் வந்தது ஒரே ஒரு கட்டுரைக்கு.

“எந்தக் கட்டுரை சார்?” தெரியாதவள் போலக் கேட்டாள்.

“‘வாங்கிய தொட்டிலைத் திருப்பித் தருவது எப்படி?’ தலைப்பாம்மா இது? விக்கிறதுக்கு எழுதச் சொன்னா, திருப்பிக் கொடுக்க வழி சொல்றே! எதிர்க்கடைக்காரன் கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்.”

“நெட்ல ஜனங்க என்ன தேடறாங்கன்னு பார்த்தேன் சார். இதையும் தேடறாங்க. பதில் சொல்லத்தான் ஒரு இடமும் இல்ல.”

“இதை யாரு தேடுவா?”

“தொட்டில் வந்தும் குழந்தை வராத வீட்டுல இருக்கறவங்க.”

முதலாளி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார். அவளே தொடர்ந்தாள்.

“எங்க அக்கா வீட்டுல நடந்துச்சு சார். ஆஸ்பத்திரியிலேருந்து அவ வெறுங்கையோட வந்தா. அவ கண்ணுல படக் கூடாதுன்னு நாங்க அவசர அவசரமா தொட்டிலை அப்புறப்படுத்திட்டோம். அதை அவ இன்னும் மன்னிக்கல. அதான், உடனே தூக்கிக் கொடுத்துடாதீங்க, குழந்தைக்கு வச்சிருந்த பேரை யார்கிட்டயாவது ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க, அப்புறம் முடிவு பண்ணுங்கன்னு எழுதினேன்.”

“அடுத்தவங்க கண்ணீரைக் காட்டிக் கடைக்கு ஆள் பிடிக்கிறதா? அந்த வியாபாரம் எனக்கு வேண்டாம்.”

அது அவளைச் சுட்டது.

“கடை பேரைக்கூட அதுல போடல சார். படிச்சவங்க யாரும் எதுவும் வாங்கவும் இல்ல. ஆனா ஒருத்தர் மட்டும் திரும்பத் திரும்ப வர்றார். கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் போறார்.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“கம்ப்யூட்டர் காட்டும். எங்கேருந்து வர்றார்னுகூடப் பார்க்கலாம். பார்க்க மனசு வரல.” அவள் எழுந்து நின்றாள். “நாளைக்கு அவர் வந்து தேடி, கட்டுரை இல்லாமப் போனா எப்படித் தவிப்பார்? என்னை வேணும்னா நிறுத்திடுங்க சார். என் கையால அதை எடுக்க மாட்டேன்.”

சொல்லி முடித்த பிறகுதான், வேலையைத் தானே கெடுத்துக்கொண்டோம் என்பது அவளுக்கு உறைத்தது.

முதலாளி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கீழே வந்தால் நின்றபடியே அதட்டிவிட்டுப் போகிறவர் அவர்.

“சரி, எடுக்க வேண்டாம். இருக்கட்டும். உன் வேலையும் இருக்கட்டும்.”

“அந்த ஒருத்தருக்காகவா சார்?”

“அந்த ஒருத்தன் மாடியில உட்கார்ந்து படிக்கிற நான்தான்மா. படிக்கிறதை நிறுத்த முடியாமத்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார் அவர். “எங்க வீட்டுத் தொட்டிலை அன்னைக்கு எந்தக் கடையும் திருப்பி எடுத்துக்கல. அந்த ஒண்ணை விக்கத்தான் இந்தக் கடையையே திறந்தேன். ஊருக்கெல்லாம் வித்துட்டேன், அதை மட்டும் இன்னும் விக்கல.”