சிவப்பு ஒன்பது

ஊர்க்காட்டு ஓக் விறகைச் சீட்டுப் போட்டுப் பிரித்தபோது இவெத் வீட்டுக் கட்டைகளின் முனையில் ஏழு என்றும், பக்கத்து வீட்டு குஸ்தாவின் கட்டைகளில் ஒன்பது என்றும் சிவப்புச் சாயத்தில் எழுதினார்கள். இப்போது மியூஸ் ஆற்றுப் பனி விலக, குஸ்தாவ் வேலியோரம் விறகு அடுக்குகிறான். முனைகளெல்லாம் புதிதாக அறுபட்டு வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. இவெத் ஜன்னலை விட்டு நகரவில்லை. “நம்பர அறுத்து எறிஞ்சிட்டான் ரெமி. அத்தனையும் நம்ம கட்டை!” “அடுப்புக்குள்ள அடங்கணும்னு அறுத்திருப்பான். உனக்கு எப்பவும் சந்தேகம்தான்,” என்கிறான் கணவன், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. குஸ்தாவ் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்கிறான். “திருட்டு முழி முழிக்கிறான் பாரு,” என்று முணுமுணுத்துக்கொண்டே விறகு போட அவள் அடுப்பைத் திறக்கிறாள். உள்ளே கட்டை முனையிலிருந்து அறுத்த மெல்லிய மர வில்லை ஒன்று எரிகிறது. அதன் முகத்தில் சிவப்பாக ஒன்பது, இன்னும் கருகவில்லை. ரெமி காலை நீட்டி அடுப்புக் கதவைச் சாத்துகிறான். “பதிலுக்கு வணக்கம் சொல்லு. பாத்துக்கிட்டே நிக்கிறான்.”