தோற்ற கடிகாரத்தின் மேல்முறையீடு

திரையில் இருந்த அந்தப் பத்தி தன்னுடையது இல்லை என்று முடிச்சுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் அடையாளம் காண்பது போலத்தான். இது பக்கத்து வீட்டுப் பிள்ளை.

முடிச்சு என்பது அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். நூலக வாசலில் தொங்கும் மின்பலகையில் 'திறந்திருக்கிறது' என்றோ 'மூடியிருக்கிறது' என்றோ காட்டும் புரோகிராம் அவர் எழுதியது. மணியைப் பார்த்து ஒரு வார்த்தை காட்ட வேண்டும், அவ்வளவுதான். கல்லூரிப் பிள்ளைகள் டீ ஆறுவதற்குள் எழுதிவிடுவார்கள்.

முடிச்சு வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவருடைய புரோகிராம் நேராகப் போய் மணி பார்க்காது. அது மரியாதை இல்லை. மூன்று கடிகாரங்களைக் கூப்பிட்டு வாக்கெடுப்பு நடத்தும். ஜெயித்த நேரத்தை ஒரு குழு பரிசீலிக்கும். குழு தலையாட்டிய பிறகு, எழுத்துகள் ஒவ்வொன்றாக வருகைப்பதிவு கொடுத்துவிட்டு வரிசையில் வந்து நிற்கும். மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்கத் தனிப் பிரிவு. சாயங்காலம் 'மூடியிருக்கிறது' வரும்போது ஒரு புள்ளி மிச்சமாகும். அதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பத்திரப்படுத்த ஒரு பொறுப்பாளர்.

எல்லாம் அந்த நாற்காலிக்காக.

வேறு ஒருவருக்கும் புரியாத வரை அவரை ஒருவரும் அசைக்க முடியாது. மகள் கடைசி வருடம் படிக்கிறாள். இந்த வயதில் வேறு வேலை தேடிப் போனால், 'முன்பு என்ன செய்தீர்கள்?' என்று கேட்பார்கள். என்ன சொல்வது? மணி பார்த்தேன் என்றா?

அதில்தான் தலைமை அலுவலகம் மண்ணை அள்ளிப் போட்டது. புரோகிராமைப் புரிந்துகொள்வதற்கென்றே ஒரு பெண்ணை அனுப்பிவைத்தது. 'புரிந்தது' என்று அவள் எழுதிக் கொடுத்தால் போதும், பலகையை அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்களாம். இந்தப் பிரிவுக்கு மொத்தமாகப் பூட்டு.

எதைச் சொன்னாலும் "சரிண்ணா" என்பாள். அதுவே அவளுக்குப் பெயராகிவிட்டது.

இவ்வளவு பணிவு ஒரு மனுஷிக்கு இயற்கையாக வராது என்று முடிச்சு முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். காலையில் அவளுக்கு எதை விளக்குகிறாரோ, அதைச் சாயங்காலம் பிரித்து வேறு மாதிரி கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். மறுநாள் அவள் அதைப் பார்ப்பாள். முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. "சரிண்ணா."

இப்போது சரிண்ணா டீ வாங்கப் போயிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், பிரிவின் மேனேஜர் போனில் தலைமை அலுவலகத்துக்குத் தன் வழக்கமான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்த வாரம் பாக்கலாம் சார்." அவரைப் பற்றிக் கவலையில்லை. கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது மெயில் ஒன்றுதான். அதையும் ஒற்றை விரலால், எழுத்துக்கு எழுத்து தேடித்தான் தட்டுவார்.

முடிச்சு அந்த அந்நியப் பத்தியை மறுபடி படித்தார்.

வாக்கெடுப்பில் தோற்ற கடிகாரம் மேல்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. விசாரிக்க நான்காவதாக ஒரு கடிகாரம். அது வழக்கைக் கையில் எடுத்ததும் வாய்தா கொடுத்துவிடும்: 'அடுத்த  வாரம்   பார்க்கலாம்.' நடுவில் கன்னாபின்னாவென்று இடைவெளி. அதுவரை பழைய தீர்ப்பே செல்லும். பலகைக்கு ஒரு கீறலும் இல்லை.

முடிச்சு நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் கடிகாரங்களைக் கோர்ட்டுக்கு இழுக்கத் தனக்குத் தோன்றவில்லையே!

கை வைத்திருக்கிறாள். அப்படியென்றால் புரிந்துவிட்டது. புரியாத ஒருத்தியால் இவ்வளவு கச்சிதமாகக் குழப்ப முடியாது.

சரிண்ணா இரண்டு கப்போடு உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். கப்பை மெதுவாக வைத்தாள்.

"எல்லாம் புரிஞ்சிருச்சு, இல்ல?" என்றார் முடிச்சு.

"வந்த வாரமே புரிஞ்சிருச்சுண்ணா."

"அப்புறம் எதுக்கும்மா இந்த நாடகம்? எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே!"

"எங்கண்ணா போறது?" அவள் குரலைத் தாழ்த்தினாள். "புரியற வரைக்கும்தான் எனக்கே வேலை. ஆர்டர்லயே அப்படித்தான் போட்டிருக்காங்க. நீங்க சாயங்காலம் சாயங்காலம் மாத்துறது எனக்குப் பத்தலண்ணா. அதான் நானும் கொஞ்சம்..."

முடிச்சு டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது. அதிலும் ஏதாவது இருக்குமோ என்று யோசித்தார். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, திரை முன்னால் அவளுக்கு இடம் விட்டார். இந்த அறையில் யாருக்கும் அவர் அப்படி இடம் விட்டதில்லை.

"மேல்முறையீடு பிரமாதம்மா. ஆனா அந்த வாய்தா இருக்கு பாரு, அதை நான் நூறு வருஷம் உக்காந்தாலும் யோசிச்சிருக்க மாட்டேன்."

அவள் சரிண்ணா என்று சொல்லவில்லை. குனிந்து அந்தக் கடைசி வரியைப் படித்தாள். முதல்முறையாக அவள் நெற்றி சுருங்கியது.

"மேல்முறையீடு வரைக்கும்தாண்ணா என்னோடது. வாய்தா நான் போடல."

இருவரும் மெல்லத் திரும்பினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டு, மேனேஜர் மூக்கு திரையில் உரசும்படி குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஒற்றை விரலால் எதையோ வெகு பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தார்.