மிரியம் பெனுவா, ஒன்று

அந்த ஓட்டுச் சீட்டைப் பிரித்ததும் உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

துணை ஆளுநர் பதவிக்கு நேரே, மிரியம் பெனுவா என்ற பெயருக்குப் பக்கத்தில் இருந்த வட்டம், கோட்டைத் தாண்டி வழியும் அளவுக்கு அழுத்திக் கறுப்பாக்கப்பட்டிருந்தது.

சாவடியில் கட்டிவைத்த பேனாவால் அப்படி விழாது. பலகையில் கோடு போடத் தச்சர்கள் வைத்திருக்கும் தட்டைப் பென்சிலால்தான் விழும். எங்கள் ஊரில் அந்தப் பென்சிலை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடக் காதில் செருகிக்கொண்டு வருகிறவர் ஒருவர்தான்.

அவர் என் கணவர் ஆல்டன். பத்தடி தள்ளி, பள்ளிக்கூடத்துக்காகத் தாய்மார்கள் விற்கும் பீன்ஸ் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் எண்ணும் இயந்திரம் கிடையாது. ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, ஊர் மண்டபத்திலேயே, ஊரார் கண்ணெதிரே, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எண்ணுவோம். ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கோடு போடுவார். மற்ற மேசைகள் முடித்துவிட்டன. எங்களுடையது கடைசிக் கட்டு. அதுவரை மிரியமுக்கு ஒன்றுகூட விழவில்லை.

எப்படி விழும்? மில்காரர்கள் ஆற்றில் விட்ட கழிவைப் பற்றி மாநில அரசுக்கு எழுதிப்போட்ட நர்ஸ் அவள். மில் மூடியது. இருநூறு குடும்பத்தின் பிழைப்பில் மண் விழுந்தது. உள்ளேயிருந்து கழிவுத் தண்ணீரை ஜாடியில் பிடித்து அவளுக்குக் கொடுத்தது யார் என்று ஊரே கேட்டது. காரின் கண்ணாடியை உடைத்தார்கள். அப்போதும் அவள் சொல்லவில்லை. மூன்று வருடமாயிற்று.

துணை ஆளுநர் வேலை என்றால் ஆளுநருக்குக் காய்ச்சல் வருமா என்று காத்திருப்பதுதான் என்று எங்கள் வெர்மாண்ட் மாநிலத்தில் கேலி செய்வார்கள். அந்த வேலைக்குக்கூட அவளை ஏற விடமாட்டோம் என்று சபதம் போட்டிருந்தது எங்கள் ஊர். மற்ற ஊர்களில் அவளுக்கும் எதிர்த்து நிற்கும் டகெட்டுக்கும் சரிசமப் போட்டி. சொந்த ஊரில்தான் இப்படி.

மில்லில் இருபத்திரண்டு வருடம் உழைத்த ஆல்டன்தான் அவளை எல்லாரையும்விட உரக்கத் திட்டியவர். டகெட்டின் பெயர்ப்பலகையை எங்கள் வாசல் புல்லில் அவரே சுத்தியலால் அடித்து நட்டார்.

மிரியமும் இப்போது மண்டபத்தில்தான் இருந்தாள். பிரசாரம் முடித்து, ஓட்டுப் போட ஏழு மணி நாலு நிமிடத்துக்கு ஓடிவந்தாள். கதவு சாத்தியாயிற்று, வேடிக்கை பார்க்கலாம், போட முடியாது என்றுவிட்டார்கள். குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல், வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்றாள். யாரும் அவளுக்கு ஒரு நாற்காலி போடவில்லை.

ஆக, இது அவளே போட்ட ஓட்டு என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.

என்னோடு எண்ணியவர் ரோலண்ட். அந்தக் காலத்தில் மில் மேஸ்திரி, இப்போது ஊர் மன்றத் தலைவர். டிசம்பரிலிருந்து ஊரின் பனி தள்ளும் வண்டியை ஓட்டும் வேலை ஆல்டனுக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருப்பவர். மூன்று வருடத்தில் எங்கள் வீட்டுக்கு வரப்போகும் முதல் நிரந்தர வேலை அது. அவரும் சீட்டைப் பார்த்துவிட்டார். அந்தப் பென்சில் யாருடையது என்று அவருக்கும் தெரியும்.

“வட்டத்தைத் தாண்டிப் போயிருக்கு, கோரா,” என்றார் குரலை இறக்கி. “செல்லாதுன்னு வச்சிடு. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வண்டிச் சாவி இன்னும் என் பையிலதான் இருக்கு.”

ரோலண்ட் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

கோடு தாண்டினால் செல்லாது என்று எந்தச் சட்டமும் இல்லை. போட்டவர் யாரை நினைத்துப் போட்டார் என்று தெரிந்தால் போதும். இதைவிட எப்படித் தெரியும்?

உட்கார்ந்து படிப்பதுதான் வழக்கம். நான் எழுந்து நின்றேன்.

“துணை ஆளுநர், மிரியம் பெனுவா!”

யாரோ சிரித்தார்கள். “அவளுக்கு அவளே போட்டுக்கிட்டா!”

“கதவு சாத்தினப்புறம் வந்தவ எப்படிடா போட்டிருப்பா?”

சிரிப்பு நின்றது. ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ரோலண்ட் கோடு போடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கோடு போடுங்க,” என்றேன்.

ஆல்டன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

“யாரும் யாரையும் முறைக்க வேணாம். ஓட்டு என்னோடது. அந்தத் தண்ணிய ஜாடியில பிடிச்சுக் குடுத்ததும் நான்தான். வண்டிய நீயே ஓட்டிக்க, ரோலண்ட்.”

மிரியம் கண்களை மூடிக்கொண்டாள். அவ்வளவு நாள் அவள் கட்டிக்காத்ததை அவர் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட்டிருந்தார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. இருபத்தாறு வருடம் கூட இருந்தவள், சொல்லத்தான் செய்வேன்.

மீதிச் சீட்டுகளைப் படித்தேன். டகெட், டகெட், டகெட். ரோலண்ட் எல்லா மேசைகளையும் கூட்டி, தாளை என் பக்கம் தள்ளினார். கடைசிக் கட்டைப் படித்தவர்தான் மொத்தத்தையும் அறிவிக்க வேண்டும்.

“டகெட், முந்நூற்றுப் பதினொன்று.”

அடுத்த வரியைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. நிமிர்ந்தேன். ஆல்டன் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கில் அவர் எப்போதுமே என்னைவிட வேகம்.

காலையில் சாவடிக்குள் நின்றபோது, வாசலில் அவர் நட்ட பலகைதான் என் கண்ணில் நின்றது. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் நானும் டகெட்டுக்குப் போட்டேன்.

குரலைத் தாழ்த்தலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாழ்த்தவில்லை. கயிற்றுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கும் சூப் மேசையில் நிற்கிறவருக்கும் நன்றாகக் கேட்கும்படி படித்தேன்.

“மிரியம் பெனுவா, ஒன்று.”